இரண்டு தட்டு

சில்வண்டைப் பெற்றவளுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன் தம்பி வீட்டு வாசல் வரைக்கும் வரட்டும். நான் சுகம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. உனக்கு இடது காதில் ஓயாத இரைச்சல் என்று கேள்விப்பட்டேன். ஒத்தடம் கொடு, எண்ணெய் விடாதே. கேட்கப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

இந்தக் கையெழுத்து உனக்குப் புதிதாக இருக்கும். ஒன்பது வருடத்தில் உனக்கு வந்த ஏழு கடிதங்களையும் நான் சொல்லச் சொல்லப் போதகர்தான் எழுதினார். நான் "சாப்பிட்டாயா" என்பேன். அவர் "கிருபையில் நிலைத்திருக்கிறாயா" என்று எழுதுவார். படித்துக் காட்டும்போது யாரோ பெரிய மனுஷர் உன்னோடு பேசுகிற மாதிரி இருக்கும், எனக்கே கூச்சமாகிவிடும். ஏழுக்கும் சேர்த்து நீ ஒரே வரி எழுதினாய். என்னைக் கேட்காமல் மன்னித்தவர் இப்போது என்னிடம் எதைக் கேட்கிறார் என்று. போதகர் அதை இரண்டு தரம் படித்தார். எனக்கு ஒரு தரமே போதுமாயிருந்தது. இந்த எட்டாவதை எழுதுவது யார் என்று பின்னால் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் கிழித்துப் போடுவாய்.

சலவைக்கூடம் அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இன்னொரு மாடி கட்டிவிட்டார்கள், அதனால் விரிப்புகள் இரண்டு மடங்கு. பாய்லர் இன்னும் என் பேச்சைத்தான் கேட்கிறது, அதனால்தான் இந்த வயதிலும் என்னை வைத்திருக்கிறார்கள். இஸ்திரி மேசைக்காரிக்கு மூன்றாவது பேரன். அவள் வாய் மட்டும் அன்று பார்த்த மாதிரியே.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிறு சபைக்கு ஐம்பது வருடம் நிறைகிறது. ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கப் போகிறார்களாம். அதில் என் படம் போட்டு, மகளைக் கொன்றவனை மன்னித்து வீட்டில் சேர்த்துக்கொண்ட தகப்பன் என்று எழுதுவார்களாம். என்னை மேடையில் உட்கார வைத்து, பக்கத்து நாற்காலியில் உன்னையும் உட்கார வைக்க வேண்டும் என்று போதகருக்கு ஆசை. உனக்கு அவரே கடிதம் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். அது வந்து சேரும் முன்னால் இது வந்து சேர வேண்டும்.

எனக்கு எழுத்து தெரியாது, உனக்குத் தெரிந்ததுதான். எழுதத் தெரிந்தவன் ஒரு விஷயத்தைத் தாளில் போட்டு மூடிவிட்டுத் தூங்கலாம். நான் எங்கே போடுவேன்? எல்லாம் தலைக்குள்ளேயே கிடக்கிறது. நீ போன அன்று பச்சைப் பெட்டியின் மூடி சாத்தவில்லை, முழங்காலால் அமுக்கினாய். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நீயும் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. அவனை ஜெயில் வாசலிலிருந்து நேரே வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். நீ என்னைப் பார்த்து, "உன் ஆண்டவருக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்க எம்பொண்ணுதான் கெடச்சாளா?" என்றாய். அப்புறம் அவனைப் பார்த்து, "இவரு தினம் ஜெபம் பண்றாரில்ல, நானும் இனிமே தினம் பண்ணுவேன்டா. உன் வண்டி ஓட்டுன கை அழுகணும்னு பண்ணுவேன்" என்றாய். நான் போதகர் சொல்லிக்கொடுத்த மாதிரி, அவரவர் சிலுவையை அவரவர் சுமக்க வேண்டும் என்றேன். நீ காறித் துப்பவில்லை. அதுதான் மிச்சம்.

அவன் வந்து ஒன்பது வருடம். தட்டில் பாதி அவனுக்கு. கட்டிலையும் அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் தரையில் படுக்கிறேன். டீயில் சர்க்கரை விட்டேன், வெள்ளிக்கிழமை சாப்பாடு விட்டேன், பீடி விட்டேன். தன்னைத்தானே வெறுத்து ஆசைகளை விட வேண்டும் என்று பிரசங்கத்தில் கேட்டபோதெல்லாம், இன்னும் எதை விடலாம் என்று தேடித் தேடி விட்டேன். சபையில் முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். வருடத்துக்கு ஒரு தரமாவது போதகர் என் பக்கம் கையை நீட்டி, "சிலுவை சுமக்கிறதுன்னா என்னன்னு இவரைப் பாத்துக் கத்துக்கோங்க" என்பார். எல்லாத் தலையும் திரும்பும். நான் குனிந்துகொள்வேன். அதைத் தாழ்மை என்றார்கள்.

அது தாழ்மை இல்லை.

சலவைக்கூடத்து முற்றம் உனக்குத் தெரியும். ஒரு பக்கம் பாய்லர் சுவர், இன்னொரு பக்கம் கொடி கொடியாக ஈர விரிப்புகள். வேன் பின்னாலே வந்துதான் துணி ஏற்றும் மேடையைத் தொட முடியும். கண்ணாடியில் வெறும் வெள்ளைத் துணிதான் தெரியும். அதனால் ஓர் ஆள் பின்னால் நின்று வண்டியைத் தட்ட வேண்டும். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். அந்த வேலை யாருடையது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. கோர்ட்டிலும் சரியான ஆளிடம் கேட்கவில்லை.

அது என் வேலை.

அப்போது நான் மத்தியானம் பன்னிரண்டுக்குப் பாய்லருக்குப் பின்னால் முழங்கால் போட்டு ஜெபிப்பதாகக் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை பண்ணியிருந்தேன். ஒரு நிமிஷம் தப்பாது. அதில் எனக்குப் பெருமை. இஸ்திரி மேசைக்காரிகூட, "ஏன் பெரியவரே, ஆண்டவரு கையில கடிகாரம் கட்டியிருக்காரா? பன்னெண்டு அஞ்சுக்கு வந்தா கதவ சாத்திடுவாரா?" என்று கிண்டல் பண்ணுவாள். அன்று அவன் வேனைக் கொண்டு வரும்போதே பன்னிரண்டு மணிச் சங்கு ஊதிவிட்டது. நான் பின்னால் போய் நின்றேன். முற்றம் காலி. இரண்டு தட்டு தட்டினேன். பத்தடிதானே, அவனே வந்துவிடுவான் என்று உள்ளே போய் முழங்கால் போட்டேன். கண்ணை மூடி, கர்த்தாவே என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். சாப்பாட்டுத் தூக்கு விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. யாரோ பாத்திரத்தைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து இரண்டாவது வார்த்தையும் சொன்னேன்.

நம் சில்வண்டு எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு, விரிப்புகளை விலக்கிக் குறுக்கே வந்திருக்கிறாள். எப்போதும் வாய் ஓயாதவள், அன்று ஒரு சத்தம் போடவில்லை. நான் நின்றிருந்தால் ஒரு தட்டு. அவ்வளவுதான். ஒரே ஒரு தட்டு.

கோர்ட்டில் அவனிடம் யார் தட்டியது என்று கேட்டார்கள். "யாரும் தட்டல. நானாத்தான் எடுத்தேன்" என்றான். நான் மூன்று அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் இவனை மன்னித்துவிட்டேன் என்றேன். கூடம் முழுக்க அழுதது. நீ மட்டும் எழுந்து வெளியே போனாய். அவனுக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள்.

ஏனடா அப்படிச் சொன்னாய் என்று போன வருடம்தான் கேட்டேன். அதுவரை எனக்குத் துணிச்சல் இல்லை. அவன் விரிப்பை மடித்துக்கொண்டே, "மடியில பொண்ண வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. ஒரே நாள்ல ஒருத்தருக்கு ரெண்டு பாரம் எதுக்குண்ணே" என்றான். அவன் சபைக்கு வருகிறவன் இல்லை. நான் உள்ளே இருக்கும்போது வெளியே படியில் உட்கார்ந்து செருப்புகளைப் பார்த்துக்கொள்வான். பதினோரு வருடமாகப் போதகர் தப்பான ஆளைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

சர்க்கரையை விட்டேன், பீடியை விட்டேன், உன்னையும் விட்டேன். மன்னித்த தகப்பன் என்கிற பேரை மட்டும் விடவில்லை. விட வேண்டியது அது ஒன்றுதான்.

இனிச் சொல்லலாம். உன் ஜெபத்தால் அழுக வேண்டிய கை இருக்கிறதே, அதுதான் இதை எழுதுகிறது. அழுகவில்லை. பத்தாவது வரை படித்த கை, எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம். இரண்டு தட்டு என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டான். "வேணாம்ணே. அந்தம்மா வந்தாலும் வரும். இத எழுதுனா சுத்தமா வராது" என்றான். எழுதுடா என்றேன். "இத்தன வருஷம் நான் சொமந்தது அப்ப எதுக்கு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியையும் சேர்த்து எழுது என்றேன்.

இவன் எங்கேயாவது பூசி மெழுகியிருப்பான் என்று சந்தேகம். அதனால் ஒட்டுவதற்கு முன் இஸ்திரி மேசைக்காரியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பேன். அழுவாள், மூக்கைச் சிந்துவாள், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள். சொல்லட்டும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மேடையில் எனக்கு வாய் வராமல் போனாலும், கேட்க வேண்டியவர்கள் கேட்டிருப்பார்கள். முன்வரிசை போகும். பரவாயில்லை, இந்த முழங்காலுக்குப் பின்வரிசைதான் வாசலுக்குக் கிட்ட.

நீ ஞாயிற்றுக்கிழமைக்கு வர வேண்டாம். எனக்காக என்றைக்குமே வர வேண்டாம். வா என்று கூப்பிடும் தகுதியை அன்று பன்னிரண்டு மணிக்கே தொலைத்தேன். என்றைக்காவது வந்தால், சபைப் படியில் செருப்புகளோடு உட்கார்ந்திருப்பவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போ. அவனுக்கு அது போதும்.

உன் ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இத்தனை வருடம் பண்ணினாய், வீணாகப் போக வேண்டாம். கையை மட்டும் மாற்றிக்கொள். தட்டியது வலது கை. வழக்கமாக இடது பெருவிரலைத்தான் வைப்பேன். இன்று வலது.

இப்படிக்கு,
சில்வண்டின் அப்பா
(வலது கைப் பெருவிரல் ரேகை)