வெள்ளை அடித்த கல்

27 ஒக்ரோபர் 1996
கனடாவில் இந்த மல்வேர்னுக்கு வந்து இவ்வளவு காலம், பிளாசாவுக்குப் பின்னால் ஒரு பழைய சேமக்காலை இருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது. சாய்ந்த கல்லறைக் கற்கள், பாசி, தேய்ந்த எழுத்து. ஒன்றில் மட்டும் 'மேரி, வயது 38' என்று வாசிக்க முடிந்தது. என் மனைவி றோசலினும் அந்த வயதில்தான் போனாள். அங்கே ஊருக்குள் ஆமி ஆரையும் விடுகிறது இல்லை. அவளின் கல்லறையை யார் பார்ப்பது? வருகிற சனி இறந்தவர்களுக்கான ஆத்துமாக்கள் திருநாள்.

2 நவம்பர்
காலையிலேயே போனேன். ஊரில் செய்வதுபோல் புல்லுப் பிடுங்கி, மேரியின் கல்லை உரஞ்சிக் கழுவி, வெள்ளை அடித்தேன். சுண்ணாம்புக்கு இங்கே எங்கே போக? கடைப் பெயின்ற்தான். மெழுகுதிரி கொளுத்தி, றோசலினுக்கும் சேர்த்துச் செபமாலை சொன்னேன். கனகாலத்துக்குப் பிறகு மனம் ஆறியது.

5 நவம்பர்
பொலிஸ் வந்தது. என் கார் நம்பரை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் செய்தது நாசவேலையாம்! மகன் அகஸ்ரினுக்கு மானம் போய்விட்டது.
"ஆரும் கல்லறைக்குப் பெயின்ற் அடிப்பினமே அப்பா?"
"நீ அடிச்சனி. அம்மாவின்ரை கல்லுக்கு நீதானே வாளி தூக்கினனி."
அறைக்குள் போய்விட்டான்.

9 நவம்பர்
வழக்கு வேண்டாமாம், சரித்திரச் சங்கத்தின் முன்னால் மன்னிப்புக் கேட்டால் போதுமாம். லைப்ரரியில் கூட்டம். மொழிபெயர்க்க அகஸ்ரின் கூட வந்தான். தலைவி மிஸிஸ் பெட்லி எல்லாம் சொன்னாள்: ஸ்கொட்லாந்திலிருந்து வந்து காடு வெட்டிய குடும்பங்கள், அப்போது இது சின்ன ஊர், பிள்ளைப்பேற்றில் இறந்த மேரி. பெயின்ற்றை எடுத்தால் எழுத்தும் சேர்ந்து உரியுமாம். சொல்லும்போது அழுதாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.
பிறகு அவளே சொல்கிறாள் — றோட்டை அகலமாக்கியபோது பாதிக் கற்களைப் பிடுங்கினார்களாம், எலும்புகள் இன்னும் தாருக்குக் கீழேதானாம்.
"உதுக்கு ஆர் மன்னிப்புக் கேட்டது எண்டு கேள்" என்றேன்.
"விடுங்கோ அப்பா." அவன் மொழிபெயர்க்கவில்லை.

17 நவம்பர்
றோசலினின் தம்பி சீமோன் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். ஊர்ப்பக்கம் போய் வந்த ஒருவர் சொன்னாராம். ஆமி முகாமுக்குப் பாதை போட எங்கள் சேமக்காலையை டோசர் விட்டுத் தட்டியாச்சாம்.
"ஒரு கல்லும் இல்லை அத்தான்."
இஞ்சை ஒரு கல்லுக்குப் பொலிஸ், கூட்டம், கண்ணீர். அங்கை ஒரு ஊரின்ரை செத்த சனம் முழுக்கப் போச்சுது — ஒரு நாய் குரைச்சுதே? ஆரிட்டைப் போய்ச் சொல்ல? மிஸிஸ் பெட்லியிட்டையோ?
செத்தால் என்னைக் கொண்டுபோய் அவளுக்குப் பக்கத்தில் தாட்டுவிடு என்று அகஸ்ரினுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இனி எந்தப் பக்கம்?

18 நவம்பர்
வேலைக்குப் போகவில்லை.

24 டிசெம்பர்
பூசைக்கும் போகவில்லை. அகஸ்ரின் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியே போனான். கோபம் கடவுளோடா, கனடாவோடா? எனக்கே தெரியவில்லை.

12 ஏப்ரல் 1997
எனக்குக் கல்லறைக்கு இடம் பார்க்கப் பிக்கரிங் சேமக்காலைக்குப் போனோம். நான்தான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். மரம் இல்லாத வெளி, ஒரே காற்று. கல்லில் என்ன பெயர் வெட்டுவது என்று அங்குள்ள ஒஃபீசில் கேட்டார்கள். என் பெயரையும் றோசலினின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.
அகஸ்ரின் பேப்பரைப் பார்த்தான்.
"அம்மா இஞ்சை இல்லையே, அப்பா."
"அங்கையும் இல்லையடா."