கம்பம் இல்லாத மைதானம்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை பிராக்டீஸுக்குப் பதினோரு பேரும் வந்துவிட்டோம். இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தைப் பத்து நிமிஷம்கூட அனுபவிக்கவிடவில்லை எங்கள் பி.டி. மாஸ்டர் பால்ராஜ் சார். நேற்று பிரின்சிபால் மேடம் அவரைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "ரெண்டு வருஷமா ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. இந்த வருஷமும் இல்லேன்னா கேர்ள்ஸ் ஃபுட்பால் வேண்டாம் சார். த்ரோபாலே போதும்."

சார் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஃபர்ஸ்ட் இயரில் வகுப்பு வகுப்பாகப் போய் ஆள் பிடித்து இந்த டீமை ஆரம்பித்தவள் நான். கேப்டனும் நான்தான். ஏப்ரலில் படிப்பு முடிந்து நான் கிளம்பிவிடுவேன். டீமும் என்னோடு சேர்ந்து கிளம்ப வேண்டுமா?

லீக்கில் மூன்று மேட்ச். அதில் ஒன்றே ஒன்று போதும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலேஜுக்கு மைதானம் கிடையாது. வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் விலை போகாமல் கிடக்கும் லேஅவுட்தான் எங்கள் கிரவுண்ட். ஒரே ஒரு கோல் போட்டு, அதை நோக்கியே ஆடுவோம். வலது பக்கம் கோட்டுக்கு உள்ளே ஒரு கரண்ட் கம்பம் நிற்கிறது. ரைட் விங்கில் ஓடும் நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கீப்பர் கிருஷ்ணப்பிரியா புதுசு. தென்காசியிலிருந்து பருத்திப்பட்டு ஃபிளாட்டுக்குக் குடிவந்தவள். "கிரவுண்டைத் திருப்பிப் போட்டா என்னக்கா? கம்பம் வெளிய போயிருமே" என்றாள். திருப்பினால் கோலுக்குப் பின்னால் முழுக்க சீமைக்கருவேல முள். தினமும் பந்து பஞ்சராகும். அதையெல்லாம் யோசித்துத்தான் அன்றைக்கே நான் இப்படிக் கோடு போட்டேன்.

"வந்து ரெண்டு மாசம் ஆகல, பெரிய இன்ஜினியரா நீ?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆகஸ்ட் 21, புதன்

அம்பத்தூரில் முதல் மேட்ச். 0–4. எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஃபார்வர்ட் ஆடும் சபீனாவின் அண்ணன் நேற்றைய மேட்ச்சை செல்லில் எடுத்திருந்தான். கேன்டீனில் உட்கார்ந்து பார்த்தோம்.

பந்து எனக்கு நேர் முன்னால் போகிறது. நான் துரத்துகிறேன். கோலை நெருங்கும்போது திடீரென்று அழகாக ஒரு வளைவு போட்டு ஓடுகிறேன். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் புல். நான் சுற்றி வருவதற்குள் பந்து வெளியே போய்விடுகிறது. ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் இதே கதை.

"இன்னா பவி, இல்லாத கம்பத்த சுத்திகினு ஓட்ற?" என்றாள் சபீனா.

கேன்டீனே சிரித்தது. நானும் சிரித்துவைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். மூணு வருஷம்! பாஸ் சரியில்ல, பாஸ் சரியில்லன்னு எல்லாரையும் திட்டுனேனே... கம்பத்தை நானே எல்லா மேட்ச்சுக்கும் கூட்டிக்கினு போயிருக்கேன். இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?

ஆகஸ்ட் 23, வெள்ளி

கிருஷ்ணப்பிரியாவிடம் போய், "திருப்பிடலாம்" என்றேன். "சரிக்கா" என்றாள், அவ்வளவுதான். குத்திக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

புதுக் கோடு போட்ட முதல் நாளே இரண்டு பந்து முள்ளில் போய்விட்டது. துணி காயப்போட மாடிக்கு வந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "நெல்லு மூட்ற தார்ப்பாய் சும்மாதான கீது. இஸ்துகினு போய் முள்ளு மேல கட்டுங்களேன்டி" என்றாள். அப்பாவைக் கேட்காமலே கட்டிவிட்டோம்.

செப்டம்பர் 4, புதன்

1–1. ஜெயிக்கவில்லை, ஆனால் தோற்கவும் இல்லை! நேராக ஓடினேன். ஒரே ஒரு தடவை கால் பழைய ஞாபகத்தில் வளைந்தது. "கம்பம் இல்லக்கா!" என்று கோலிலிருந்து கிருஷ்ணப்பிரியா கத்தினாள். எதிர் டீம் பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

இன்னும் ஒரு மேட்ச்தான் இருக்கிறது.

செப்டம்பர் 18, புதன்

ஜெயித்துவிட்டோம். 2–1.

பூந்தமல்லியில் கடைசி மேட்ச். 1–1 என்று இழுத்துக்கொண்டே போனது. முடிகிற நேரத்தில் சபீனா வலது பக்கம் நீளமாக ஒரு பந்து போட்டாள். ஓடினேன். நேராக, கடைசிக் கோடு வரைக்கும் நேராக ஓடி, திரும்பிப் பார்க்காமல் கோலுக்கு முன்னால் அடித்தேன். சத்தம் கேட்டுத்தான் தெரியும், சபீனா தலையால் கோலுக்குள் தள்ளியிருக்கிறாள்.

அதோடு விட்டார்களா? அடுத்த நிமிஷமே அவர்களுக்கு பெனால்டி. என்னால் பார்க்க முடியவில்லை, திரும்பி நின்றுகொண்டேன். கிருஷ்ணப்பிரியா பாய்ந்து பிடித்துவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பால்ராஜ் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

லீக்கில் மூன்றாவது இடம், அடுத்த சுற்று கிடையாது. பரவாயில்லை. குமணன்சாவடியில் பஸ் மாறும்போது ரோடு என்றும் பார்க்காமல் கத்தினோம். என் டீம் இது. எவ்வளவு பெருமையாக இருக்கிறது என்று எழுதக்கூடத் தெரியவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

பிரின்சிபால் மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வருஷமும் டீம் உண்டு.

ஜூலை 12, சனி

வேலைக்குச் சேர்ந்திருக்கும் அம்பத்தூர் ஆபீஸில் இன்று லீவு. காலையில் விசில் சத்தம் கேட்டுப் பின்பக்கம் போனேன். இருபது பேருக்கு மேல் இருப்பார்கள், பாதிப் பேர் ஃபர்ஸ்ட் இயர். ஆள் பிடிக்க யாரும் வகுப்பு வகுப்பாகப் போகவில்லையாம், அவர்களாகவே வந்து பேர் கொடுத்தார்களாம். கிருஷ்ணப்பிரியாதான் கேப்டன்.

பார்த்துக்கொண்டே என்னை அறியாமல் உள்ளே போய்விட்டேன் போல. ரைட் விங்கில் ஓடிவந்த ஒரு புதுப் பெண் என் முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய நில்லுங்க. டீம் பிராக்டீஸ் நடக்குது."

நான் யார் என்று சொல்ல கிருஷ்ணப்பிரியா வாயெடுத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"சாரிம்மா" என்று சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.