மூலையில் இருந்த அம்புக்குறி

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் மூக்கைத் தவிர மற்றபடி சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. சித்திக்குக் குளிரில் மூச்சு இழுக்கிறது, ஹீட்டரே அதிகம் தேவைப்படாத வீடாக இருக்கட்டும் என்று நீ வரைந்து அனுப்பினாய் அல்லவா, அதை நான் கட்டிய அழகைப் பார்க்க ஊரே திரண்டது, இரண்டு பேர் மயங்கி விழாத குறை. தடித்த சுவர், உள்ளே குளிரைத் தடுக்கும் பஞ்சுப் பலகை, இரட்டைக் கண்ணாடி, ஒன்று விடவில்லை. ஆனால் நேற்று கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் எண்ணை இரண்டு தடவை படித்தார். பழைய வீட்டைவிட அதிகமாக ஓடியிருக்கிறதாம். “உள்ள ஏதாவது பட்டறை வச்சிருக்கீங்களாய்யா?” என்று கேட்டார். பட்டறை எங்கே, கூடத்தில் சித்திக்காக இரண்டு ஹீட்டர் ஓயாமல் எரிகிறது, அப்படியும் அவளுக்கு இழுப்பு நிற்கவில்லை.

அவளிடம் சொல்லலாம் என்று தேடினால் ஆளைக் காணோம். எனக்கு உயிரே இல்லை. கடைசியில் சாமான் அறையில் மூட்டைமேல் உட்கார்ந்து, சால்வைகூட இல்லாமல், சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஹீட்டர் கிடையாது, அந்தச் சின்ன ஜன்னல் வழியாக வரும் வெயில் மட்டும்தான். இழுப்புச் சத்தமே இல்லை. அவள் தலை நிமிராமல், “பொண்ணு சொன்னபடி கட்டியிருந்தா வீடு முழுக்க இப்படி இருந்திருக்கும்ல?” என்றாள்.

ஓடிப்போய்ப் படத்தை எடுத்தேன். வெயில் பக்கம் வர வேண்டிய பெரிய ஜன்னல்கள் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று படத்தைத் திருப்பிப் பிடித்தது நான்தான். மூலையில் இருக்கும் அம்புக்குறி என்னவென்று கொத்தனார் அன்றைக்கே கேட்டார். எங்கள் பெண்ணுடைய கையெழுத்து, பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படித்தான் போடுவார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேனம்மா. பார்க்க வந்த அத்தனை பேரிடமும் அதைத்தான் காட்டினேன். அது வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டும் குறி என்பது இப்போதுதான் உறைத்தது.

சித்தியின் கட்டிலைச் சாமான் அறைக்கு மாற்றிவிட்டேன், மூட்டைகள் இப்போது கூடத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. வெயில் பக்கத்துச் சுவரை உடைத்துப் பெரிய ஜன்னல் வைக்கலாமா என்று உடனே எழுது. இந்த முறை படத்தைச் சித்திதான் பிடிப்பாள், நான் தொடமாட்டேன். நீ நூறாண்டு குறைவில்லாமல் வாழ வேண்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்னை வளர்த்த,
சித்தப்பா

கீழே ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறேன். அது என் கையெழுத்து இல்லை, சாமான் அறைக்கு வெயில் வரும் பக்கம். சித்தி சரிபார்த்துவிட்டாள்.