லேஞ்சி வாங்க வருகிறவர்கள்

அட்டன்
18.11.2007

மகள் ரஜனிக்கு,

அப்பா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த ஊர்க் குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள். சுகம் விசாரித்தது போதும். மிச்சமெல்லாம் கோபம்தான், அதனால் உட்கார்ந்து படி.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உன் படத்தைப் பார்த்தேன். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். மேலே, ஆண்களின் விந்தணுவை ஆராயும் மலையகப் பெண் என்று கொட்டை எழுத்து. கீழே, அட்டன் புடவைக்கடை சிதம்பரநாதனின் புதல்வி என்று என் பெயர். என் பெயரைப் போடச் சொல்லி உன்னை யார் கேட்டது? லண்டனில் ஆராய்ச்சி என்றாயே, தேயிலை ஆராய்ச்சி என்றல்லவா நான் ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். மறுநாளே பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன், முதலாளி, உங்க மக லண்டன்ல அந்த யாவாரமாமே, நல்லா போகுதுங்களா என்று கேட்டு இளித்தான். உன் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

அதைவிட எரிச்சல் நீ உள்ளே சொல்லியிருப்பது. பிள்ளையில்லாத வீட்டில் முதலில் ஆணைச் சோதியுங்கள் என்கிறாய். யாரை நினைத்துச் சொன்னாய் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். உன் தம்பி சுமனுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம், மருமகள் கோசலாவைக் கண்டியில் மூன்று டாக்டர்களிடம் காட்டினோம், அவனையும் சோதிக்கச் சொல்லி நீ முன்பு எழுதிய கடிதத்தை அம்மாவுக்குக்கூடக் காட்டாமல் அடுப்பில் போட்டேன். ஆவணியில் கோசலாவை வேனில் ஏற்றி மஸ்கெலியாவில் அவள் அப்பா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். உங்க பொண்ணால எங்க வம்சம் நின்னுபோச்சுங்க என்று சம்பந்தி சிவசாமியின் முகத்துக்கு நேரே சொன்னவனும் நான்தான். சுமனுக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருந்தோம், அந்த நேரம் பார்த்துப் பேப்பரில் வந்து நிற்கிறாய்.

இப்போது நடக்கிற கூத்தைக் கேள். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஆம்பிளைகள் வருகிறார்கள். லேஞ்சி காட்டச் சொல்கிறார்கள். சட்டைப்பையில் வைத்து முகம் துடைக்கிற ஒரு லேஞ்சிக்கு இவ்வளவு யோசனையா என்று இருக்கும், விரித்துப் பார்ப்பதும் மடிப்பதுமாக மற்ற ஆட்கள் போகும்வரை நிற்பார்கள். அப்புறம் குரலை இறக்கி, மகளுக்கு எழுதினா நம்ம விசயத்தையும் ஒரு வார்த்தை கேளுங்க முதலாளி என்பார்கள். டயகமத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற ஒருத்தன் வந்தான். யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் சேலைகளுக்கு நடுவே நின்று அழுதார். பெயரை எழுத மாட்டேன், நம்பிச் சொன்னது. இந்த வயசில் எனக்கு இது தேவையா, நீயே சொல்லு. நாலு பேர் கேட்டதைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது ஆள் நேற்று வந்தான். சாப்பிடப் போகிறேன் என்று பின்வாசலால் போன சுமன், கொஞ்ச நேரத்தில் முன்வாசலால் வந்து, கவுண்டருக்கு அந்தப் பக்கம் வாடிக்கைக்காரன் மாதிரி நின்று, அப்பா, ஒரு லேஞ்சி காட்டுங்க என்றான். என்னடா விளையாட்டு என்று ஏசினேன். அவன் சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துப் போட்டேன். அதைப் பிரிக்காமலே சொன்னான், தனியாகக் கண்டிக்குப் போய்ச் சோதித்தானாம், குறை அவனிடம்தானாம், கோசலாவுக்கு ஒன்றுமில்லையாம், அக்காவுக்கு எழுதறப்ப என்னையும் சேத்துக்கங்க என்றான். எப்போது சோதித்தாய் என்று கேட்டேன். ஆடியில் என்றான். ஆவணியில் அவளை அனுப்பும்போது பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தவன் இவன்! ஓங்கி அறைந்தேன். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். எனக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்று எனக்கே தெரிகிறது, அதுதான் இன்னும் எரிகிறது.

வெள்ளிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் போகிறேன். சொன்ன வார்த்தையைச் சிவசாமியின் அதே வாசலில் நின்று நானே திரும்ப வாங்க வேண்டும். கோசலா வருவாளோ, கதவைச் சாத்துவாளோ, சாத்தினாலும் நியாயம்தான். இதனால் உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்தப் பேப்பரில் நீ இன்னொன்றும் சொல்லியிருக்கிறாய். தகப்பன் புகைத்ததும் குடித்ததும் அவன் விந்தில் ஓர் அடையாளமாக ஏறிப் பிள்ளையின் உடம்புவரை போகக்கூடும், இன்னும் ஆராய்கிறோம் என்று. சுமன் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தக் கல்லாவில் உட்கார்ந்து நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் ஊதினவன் நான். நீ வளர்ந்த பிறகு ஓடிப்போய் வாங்கி வந்தவளும் நீதான். அதைச் சொல்லும்போது என்னை நினைத்தாயா?

நல்லாயிரு மகளே, கோபத்தில் கொடுத்தாலும் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். ஸ்வெட்டர் போடாமல் வெளியே இறங்காதே. பதிலைக் கடை விலாசத்துக்கு அனுப்பு, உறையின்மேல் உன் ஆராய்ச்சியின் பெயர் இருக்கக் கூடாது. அந்த நாலு பேருக்கும் தம்பிக்கும் வைத்தியம் உண்டா என்று விவரமாக எழுது. எனக்கு ஒரு வரி போதும். சுமனுக்கு இது என்னிடமிருந்து போனதா, இல்லையா. ஆறுதல் சொல்லி எழுதினால் அதையும் அடுப்பில் போடுவேன்.

இப்படிக்கு,
அப்பா
வே. சிதம்பரநாதன்