சொல்லாமல் விட்ட மறுபாதி

மச்சான்,

இன்று வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் தோணியை விட்டு இறங்கியதும் புது வைக்கோல் வாசம் முகத்தில் அடித்தது. தலையிலிருந்த சாறன் துணி மூட்டையை இறக்கிவைத்து அப்படியே நின்றுவிட்டேன். "என்னகா, வழி மறந்து போச்சா?" என்றான் தோணிக்காரன். வழி மறக்கவில்லை. உன்னை நினைத்து நின்றேன்.

காத்தான்குடியிலிருந்து நாம் இருவரும் துணி கொண்டு வாவியைக் கடந்த காலத்தில், எந்த ஊர் எல்லைக்குப் போனாலும் நீ மூட்டையை இறக்கிவிட்டுக் கையேந்துவாய். புது ஊருக்குள் நுழைகிற பயணி ஓதும் துஆ. எனக்கோ வெயில் ஏறுமுன் நாலு வீடு பார்க்கிற அவசரம். "அல்லாஹ்வுக்கு நம்மளயும் தெரியும், ஊரையும் தெரியும். நட மச்சான்" என்று கிண்டல் செய்வேன். "கதவத் தட்டாம ஆருட வீட்டுக்குள்ள போறாய்?" என்பாய்.

பெரிய வயல்காரரான போடியாரின் ஊருக்கு முதன்முதலாகப் போன நாளில் உனக்குக் காய்ச்சல். பல் கிடுகிடுத்தது. வானம் கறுத்திருந்தது, தோணியும் திரும்பிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒதுங்க இருந்தது அவருடைய நெற்களத்து வாடிக் குடிசை ஒன்றுதான். அந்த நிலையிலும் நீ களத்தின் ஓரத்தில் நின்று ஓதினாய்.

போடியார் சந்தேகத்தோடு வந்தார். "என்ன மந்திரங்கா இது?"

நான் முந்திக்கொண்டேன். "மந்திரமில்ல போடியார். இந்த ஊர்ட கெடுதியும் ஊராக்கள்ற கெடுதியும் எங்களுக்கு வரப்படாதெண்டு கேக்காரு."

நெல் குவிந்து கிடக்கும் களத்தில் கெட்ட சொல் எதுவும் வாயில் வரக்கூடாது. சில பொருள்களுக்கே அங்கே வேறு பெயர்தான் சொல்வார்கள். எனக்கும் தெரிந்த வழக்கம்தான், என் வாய்க்குத்தான் தெரியவில்லை.

"பொலி கிடக்கிற களத்தில நிண்டு என்ன கத கதைக்காய்? எடு மூட்டைய!"

முதல் துளிகள் விழுந்தன. அந்த மழையில் நீ நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நீதான் மூட்டையில் சாய்ந்தபடி மெல்லச் சொன்னாய்.

"இவன் பாதியத்தான் சொன்னான் போடியார். இந்த ஊர்ல உள்ள நல்லதத் தா, ஊர்ச் சனத்துக்கு எங்கள விருப்பமாக்கு, இஞ்ச உள்ள நல்ல ஆக்கள எங்களுக்கு விருப்பமாக்கு எண்டும் கேக்குறதான்."

போடியார் உன்னருகில் வந்தார். நெற்றியில் கைவைத்தார். "நெருப்பாக் கொதிக்குது. பாத்துக்கொண்டு நிக்காய், உள்ளுக்குக் கொண்டு வாகா!" என்று என்னைத்தான் ஏசினார். மூன்று நாள் கொத்தமல்லி அவித்த தண்ணீரும் கஞ்சியும் தந்து உன்னை எழுப்பி நடக்கவைத்தார்.

பிறகு ஒவ்வொரு அறுவடைக்கும் போனோம். அது நம் ஊர் போலவே ஆனபின்னும் நீ எல்லையில் நின்று ஓதினாய். இன்னும் எதற்கு என்றால், "விருப்பத்த ஒரு தரம் கேட்டாக் காணுமா?" என்பாய்.

போன மாரியில் வந்த காய்ச்சலோ உன்னை விடவில்லை. அடக்கம் செய்ய மையவாடிக்கு உன்னைத் தூக்கிச் சென்றபோது, வாசலில் என் கால் தானாக நின்றது. அங்கே அடங்கியிருப்பவர்களுக்குச் சலாம் சொல்ல வேண்டிய இடம். என் நாவில் வந்தது உன் துஆ. தொழுகை நடத்திய லெப்பை திரும்பிப் பார்த்தார். "அது ஊருக்குள்ள போறவன் ஓதுறது. இஞ்ச ஓதுறதில்ல."

எனக்கும் தெரியும். ஆனால் நீ அறியாத ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாய், கையில் மூட்டைகூட இல்லாமல். நின்று ஓத உன்னால் முடியாது. அதனால் நான் ஓதினேன்.

வாவி கடந்து வந்திருந்த போடியார் வேலிக்கு வெளியே வெயிலில் நின்றார். நான் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளுக்குப் போகக்குள்ள அவனுக்காக ஓதினியாகா?"

"ஓதினன் போடியார்."

"பாதியா, முழுக்கவா?"

"முழுக்க" என்றேன். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

இன்றும் தோணிக்காரனைக் காத்திருக்க வைத்து, முழுக்க ஓதிவிட்டுத்தான் மூட்டையைத் தூக்கினேன், மச்சான்.