வெள்ளைப் பூ வந்த தம்பியும் சிவப்புப் பூ வந்த அக்காவும்

அதிகாரி அம்மா,

போன வெள்ளிக்கிழமை என் பேத்தி கல்யாணத்துக்காகப் பெருமுக்கல் மலைக்கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். இலையில் மடித்த இரண்டு பொட்டலங்கள். வெள்ளைப் பூ வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். என்னை எடுக்கச் சொல்லி நீட்டினார்கள். அரளி வாசனை மூக்கில் ஏறியதும் உடம்பு எரிந்தது. தொடமாட்டேன் என்று படியிறங்கிவிட்டேன். விழுப்புரத்தில் நீங்கள் காலமான செய்தி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போனவர்கள்மேல் கோபம் ஆகாது என்கிறார்கள். எனக்கு ஆகிறது. எழுத்து தெரியாதவன் நான். நான் சொல்லச் சொல்ல வீட்டுப் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

அறுபதுகளில் திண்டிவனத்து அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கு நீங்கள் அதிகாரியாக வந்தீர்கள். செத்துப்போன என் அக்காவின் பிள்ளைகள் அஞ்சலையும் ஏழுமலையும் அங்கே இருந்தார்கள். பாதிப் பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவோம், அரிசியும் பால் பவுடரும் கொடுத்து ஆள் விட்டுப் பார்ப்போம், மீதிப் பேர் விடுதியிலேயே இருக்கட்டும், யார் நன்றாக வளர்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றீர்கள். யார் போவது என்பதற்குச் சீட்டு.

"எதுக்கும்மா சீட்டு?" என்று கேட்டேன்.

"நாங்களே பார்த்து அனுப்பினா சிபாரிசு வந்துடும். நல்ல வசதியான வீட்டுக்கு மட்டும் அனுப்பிட்டு, பாரு திட்டம் ஜெயிச்சுடுச்சுன்னு சொல்லிக்குவாங்க. சீட்டுக்கு யார் முகமும் தெரியாது."

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. இன்றும் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் காகிதச் சீட்டை எங்கள் ஜனம் நம்பவில்லை. "உள்ள இன்னா எழுதிக்கினியோ, யாரு கண்டா?" என்று ஒரு கிழவர் கத்தினார். உடனே, பூக்கட்டிப் போடலாம் என்று யாரோ சொல்ல, நீங்கள் சந்தோஷமாகத் தலையாட்டினீர்கள். வெள்ளை வந்தால் சொந்தக்காரர் வீடு, சிவப்பு வந்தால் விடுதி என்று பிள்ளையார் முன்னால் பொட்டலங்களைப் போட்டீர்கள். உங்களுக்கு அது சீட்டு. எங்களுக்கு அது சாமி வாக்கு. இதைக்கூட யோசிக்காத படிப்பு என்ன படிப்பு அம்மா?

தம்பி ஏழுமலைக்கு வெள்ளை வந்தது. அக்கா அஞ்சலைக்குச் சிவப்பு. ஒரு வயிற்றுப் பிள்ளைகளை ஒன்றாகப் போடவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஏழுமலையை எங்கள் ஊர் ஒலக்கூருக்குக் கூட்டிவந்தேன். பொங்கலுக்காவது அஞ்சலையை அழைக்கலாம் என்றால் என் பெண்டாட்டி விடவில்லை. "இந்தாய்யா, சாமியே வாணாம்னு சொன்னத ஊட்ல ஏத்தினா நம்ம புள்ளைங்களுக்கு எதுனா ஆயிடும்." விடுதியிலும் அவளுக்கு அதே பெயர்தான். வேண்டாத பொண்ணு.

பையன் நிற்கவில்லை. ரயில் ரோட்டோரமாகவே நடந்து திண்டிவனம் போய்விடுவான். நான் போய்ப் பார்த்தால் விடுதி வாசலில் அக்காவை ஒட்டி உட்கார்ந்திருப்பான். அவள் வாயெல்லாம் பால் பவுடர். நீங்கள் என்னைத்தான் கோபித்தீர்கள். "அது அவனுக்குக் கொடுத்தது. இவளுக்குப் போகக் கூடாது." மறுபடி மறுபடி ஓடினான். "சொந்தக்காரங்க வீட்டுல பிள்ளை தங்கலைன்னுதான் நான் கணக்குல எழுதணும்" என்றீர்கள்.

"இன்னாம்மா பேசற? எங்கள வுட்டா ஓடியாந்தான்? அக்காளத் தேடிக்கினு ஓடியாந்தான். அவளயும் அனுப்பு, எங்க ஓடறான்னு பாக்கலாம்."

"உங்க ஒருத்தருக்காக மாத்தினா எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் எது நல்லதுன்னு எப்பவுமே தெரியாமப் போயிடும்."

"நீ தெரிஞ்சிக்கறதுக்குள்ள இதுங்க வளந்துபூடும்மா!"

உங்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன். அதுதான் இன்னும் ஆத்திரம். கல்மனசுக்காரி என்றால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

கடைசியில் மாறியது என் பெண்டாட்டி. ஒருநாள் காலையில் ஏழுமலை தன் பங்குக் கேப்பைக் களியைத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டுவதைப் பார்த்துவிட்டாள். "யாருக்குடா?" "அக்காளுக்கு." அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சாமி இன்னா சொன்னா இன்னா. ஜல்தி போய் அந்தப் பொண்ண இட்டுக்கினு வாய்யா" என்றாள்.

வந்தேன். உங்களிடம் கேட்கவில்லை. அஞ்சலையின் கையைப் பிடித்து நடந்தேன். வாசலில் நீங்கள் நின்றிருந்தீர்கள்; தடுக்கவில்லை. "கூட்டிட்டுப் போங்க. ஆனா இந்த ரெண்டு பேரையும் இனிமே நான் கணக்குல சேர்க்க முடியாது" என்றீர்கள்.

அன்றைக்கு அப்புறம் ஏழுமலை ஒருநாள்கூட ஓடவில்லை. அரிசி நின்றது, பால் பவுடர் நின்றது. இருந்தும் இருவரும் வளர்ந்தார்கள். அஞ்சலை பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். தம்பியும் அக்காவும் இன்றும் பக்கத்துப் பக்கத்து நிலத்தில் மல்லாட்டை போட்டுக் கடலை பிடுங்குகிறார்கள்.

கொஞ்ச காலத்தில் உங்கள் திட்டத்தை மூடிவிட்டார்கள். சொந்தக்காரர் வீடு சரிப்படாது, பிள்ளைகள் ஓடிவந்துவிடுகிறார்கள் என்று முடிவாயிற்றாம். அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகளை அந்த முடிவைச் சொல்லி உள்ளேயே வைத்திருந்தார்களோ, அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. சேர்த்து வைத்தால் நிற்பார்கள் என்பதற்கு என் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு என்னத்தைக் கண்டுபிடித்தீர்கள் அம்மா?