இரண்டாம் கேசட்டின் டிரம்ஸ்

பிப்ரவரி 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? தங்கையும் பிள்ளையும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். பதினெட்டு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி. போன் செய்திருப்பேன். என் எண்ணை நீ பிளாக் செய்து வைத்திருப்பது ஒரு காரணம். போனில் இப்போது எனக்கு ஒரு வார்த்தையும் விளங்குவதில்லை என்பது இன்னொன்று.

இரண்டு காது நரம்பிலும் கட்டி. இடது காது போன வருடமே போய்விட்டது. வலது பக்கத்துக்கு ஏப்ரல் இருபதாம் தேதி ஆபரேஷன். "உயிருக்குப் பயமில்ல. காதுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார் டாக்டர். லிப்ட் மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நான். போன மாதம் ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் தேய்ந்துபோனதை நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கூட வந்தவர் கண்டுபிடித்தார். இப்போது என்னை ஸ்டோரில் உட்கார வைத்து நட்டு போல்ட் எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் இரண்டாம் கேசட்டை யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். நாம் பெயர்கூடக் கேட்டிராத ஊர்களில் பிள்ளைகள் அதை வாசித்துப் பழகுகிறார்களாம். ஒருவர் தேடி வந்தார். ஏப்ரல் ஐந்தாம் தேதி நம் 'கொதிகலன்' குழு மறுபடி மேடை ஏற வேண்டும், பழைய மூன்று பேரும் இருக்க வேண்டும், இரண்டாம் கேசட் முழுக்க வாசிக்க வேண்டும் என்கிறார். எண்ணூறு பேர் வருவார்களாம். நாம் அந்தச் சலவைக்கூடத்துக் கொதிகலன் அறையில் முதல் முதலாக வாசித்தபோது பதினாறு பேர் இருந்தார்கள். அதில் நாலு பேர் ஷிப்டு முடியாததால் நின்றவர்கள்.

கடைசியாக வாசித்த அன்றைக்கு ஏன் பாட்டின் நடுவே குச்சியை வைத்துவிட்டு இறங்கிப் போனாய் என்று நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. காது இருக்கும்போதே ஒரு தடவை உன் டிரம்ஸுக்கு வாசிக்க வேண்டும். வா.

உன் மச்சான்,
துரு

பிப்ரவரி 14

மச்சானுக்கு,

உன் கடிதத்தை உன் தங்கைதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு அடுப்படியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காது விஷயத்தை நான் மறுபடி மறுபடி படித்தேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாய். தெரிந்தவன் எதற்குக் கேட்கப் போகிறான்? நாலு நாளில் ஒன்பது பாட்டுப் பதிவு செய்தோம். இரண்டு மாதம் கழித்து கேசட் தபாலில் வந்தது. போட்டுக் கேட்டேன். இரண்டாம் பக்கத்தில் நாலு பாட்டில் நான் இல்லை. என் வலது கால் பல்லவிக்குள் போகும்போது எப்போதும் ஒரு மயிரிழை முந்தும். அந்த நாலு பாட்டில் எதுவும் முந்தவில்லை, எதுவும் பிந்தவில்லை. டிரம்ஸைப் போல அடிக்கிற மெஷின். அட்டையில் என் பெயர்.

உன்னிடம் சண்டை போட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு மாதம் அந்த மெஷினைப் போல வாசிக்கப் பார்த்தேன். மேடைக்கு முன்னால் நின்றவர்கள் கேசட்டில் இருந்த வேகத்தைத்தானே கேட்டார்கள்? கணுக்கால் போனது அப்படித்தான். அன்றைக்கு நான் கோபத்தில் இறங்கிப் போனதாக ஊரே பேசியது. கால் எழவில்லை மச்சான், அவ்வளவுதான்.

இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். சாயங்காலம் பிரேக் மிதித்த கால் வீங்கியிருக்கும். உனக்கு அந்த நாலு பாட்டு வேண்டுமென்றால் மெஷினையே கூட்டிக்கொண்டு போ.

சம்மட்டி

அண்ணா, தபாலில் போடுவதற்கு முன் படித்துவிட்டேன். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் நின்று பாஸ் வாசித்தவள் நான். கேசட்டில் டிரம்ஸ் நன்றாக வந்திருக்கிறது என்று இவரிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்? நீ சாப்பிடுகிறாயா?

பிப்ரவரி 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒரு வாரமாக இதை எழுதிக் கிழிக்கிறேன்.

பதிவு முடிந்து ஒரு மாதம், உனக்குப் பிள்ளை பிறந்து ஆறு நாள். பதிவுக்கூடத்துக்காரர் கூப்பிட்டு, "நாலு பாட்டு தாளத்துல நிக்கல சார். டிரம்மர வரச் சொல்றீங்களா, மெஷின் போட்டுரவா?" என்றார். பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து உன்னை இழுக்க மனம் வரவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒரு பாட்டுக்குப் போட்டுக் காட்டினார். நன்றாக இருந்தது. "மிச்சத்துக்கும் போடுங்க" என்றேன். அதுதான் நடந்தது. நீ கண்டுபிடிக்க மாட்டாய் என்று நினைத்தேன். சொந்தக் காலை ஒருவனுக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்த மடையன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

உன் கால் அதனால் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்போது வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. கேசட் அவ்வளவு ஓடிக்கொண்டிருந்தது.

தினமும் காலையில் எழுந்ததும் என்னென்ன கேட்கிறது என்று பார்க்கிறேன். முதலில் சாவிக்கொத்து போனது. பிறகு வாசல் மணி. இந்த வாரம் குழாயில் தண்ணீர் விழுவது போய்விட்டது. கிட்டாரில் தடித்த இரண்டு கம்பிகள் மட்டும் இன்னும் கேட்கின்றன. மாப்பிள்ளை, உன் காலில் விழுகிறேன். திட்டுவதற்காகவாவது வா.

துரு

மார்ச் 8

மச்சான்,

மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. வராததை எழுத மாட்டேன்.

வாசிக்க வருகிறேன். இரண்டு நிபந்தனை. முதல் கேசட் மட்டும்தான் வாசிப்போம், அது நான் வாசித்தது. மெஷின் விஷயத்தை அந்த ஆளிடமும் கேட்க வருகிறவர்களிடமும் நீயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். எண்ணூறு பேர் என் காலையே பார்த்துக்கொண்டு நிற்க, மறுபடி ஒரு தடவை என்னால் பொய்யாக உட்கார முடியாது.

பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு டெப்போவில் பழைய டயரை அடித்துப் பழகுகிறேன். கூட வேலை பார்க்கிறவர், "டயர் மேல என்னண்ணே கோவம்?" என்கிறார். உன் தங்கை பாஸைத் தூசி தட்டி எடுத்துவிட்டாள். முதல் பாட்டு இன்னும் அவள் விரலில் இருக்கிறது. என் காலில் பாதிதான் இருக்கிறது.

சம்மட்டி

மார்ச் 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சொல்லிவிட்டேன். ஏற்பாடு செய்கிறவர் எனக்காக ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் சார்." பிறகு நானே எழுதி ஊருக்கெல்லாம் தெரியும்படி நெட்டில் போட்டேன். அந்த நாலு பாட்டுக்குத்தான் இவ்வளவு பேர் காத்திருந்தார்கள் போலிருக்கிறது. "ஏமாத்துக்காரப் பசங்க" என்பதுதான் வந்ததிலேயே மரியாதையான வார்த்தை. டிக்கெட் வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். நிகழ்ச்சி ரத்து.

உன் மேல் குற்றமில்லை. நீ கேட்டது நியாயம்.

வலது காது வேகமாக இறங்குவதால் ஆபரேஷனை ஏப்ரல் இரண்டாம் தேதிக்கே மாற்றிவிட்டார்கள். பன்னிரண்டு நாள் இருக்கிறது. இனி நீ வந்து ஒன்றும் ஆகப் போவதில்லை. கிட்டாரை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு கடைக்காரரிடம் பேசியிருக்கிறேன். அது வீட்டில் இருந்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நேற்று ஸ்டோரில் நட்டுகளை எண்ணும்போது நூற்று நாற்பதில் அழுதுவிட்டேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். இதைத் தங்கையிடம் சொல்லாதே.

துரு

மார்ச் 24

மச்சான்,

கிட்டாரைக் கொடுக்காதே. வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறோம். நாலு நாள் லீவு சொல்லியிருக்கிறேன். உன் ஸ்டோர் சாவியை வாங்கி வை, சனியும் ஞாயிறும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் அல்லவா? எண்ணூறு பேர் வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்?

நீ நட்டு எண்ணின கதையை அவள் படித்துவிட்டாள். தடுக்க முடியவில்லை.

சம்மட்டி

ஏப்ரல் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

காயம் ஆறி வருகிறது. தலை சுற்றல் குறைந்திருக்கிறது. சுவரைப் பிடிக்காமல் குளியலறை வரை போகிறேன். காது இல்லை. கொஞ்சமும் இல்லை. எதிரே இருப்பவர் சிலேட்டில் எழுதுகிறார், நான் வாயால் பதில் சொல்கிறேன், கத்துகிறேனா முணுமுணுக்கிறேனா என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் கேசட்டை ஒரு தடவை முழுக்க வாசித்தோம். நீ இரண்டு இடத்தில் கால் வலித்து நிறுத்தினாய். நான் ஐந்தாம் பாட்டில் வரியை மறந்தேன். தங்கை ஒன்றும் பிசகவில்லை, அதற்காக நம்மைப் பார்த்துச் சிரித்தாள். அலமாரித் தகரமெல்லாம் அதிர்ந்தது. மொத்தம் முப்பத்தோரு நிமிடம். கேட்டேன்.

இப்போது நீ எனக்குச் சொல்லாததை நான் சொல்கிறேன். அன்றைக்கு ஸ்டோர் வாசலில் நின்று செக்யூரிட்டி போனில் எடுத்த வீடியோவை யாரோ பார்த்து, அந்த ஏற்பாட்டுக்காரர் திரும்ப வந்திருக்கிறார். இந்தத் தடவை முதல் கேசட்டே போதுமாம். ஜூன் மாதம், இருநூறு பேர் கொள்ளும் இடம். நீ அவருக்குப் பதிலே சொல்லவில்லையாம். தங்கை எழுதியிருந்தாள். ஆபரேஷனுக்கு மறுபடி வந்து ஆஸ்பத்திரியில் மூன்று நாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், இதைக் கேட்க வாய் வரவில்லை, அப்படித்தானே?

சரி என்று சொல். தங்கை பாடட்டும், அவளுக்கு எல்லா வரியும் தெரியும். கிட்டாருக்கு, அவள் எழுதியிருந்த உன் பள்ளிக்கூடத்து மியூசிக் டீச்சரைக் கூப்பிடுங்கள். நாம் எதையும் எழுதி வைத்ததில்லை. முதல் கேசட்டின் எட்டுப் பாட்டுக்கும் விரல் எங்கே வைப்பது என்று வரைந்து, பதினான்கு பக்கம் இதோடு வைத்திருக்கிறேன். கிட்டார் தனியாகப் பார்சலில் வருகிறது.

நான் வர மாட்டேன். கை ஓடுவதையும் வாய் திறப்பதையும் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க என்னால் ஆகாது. வீம்பு என்று நினைக்காதே, கூப்பிட ஆள் அனுப்பாதே.

ஒன்று மட்டும் செய். மறுநாளே எனக்கு எழுது. நன்றாக இருந்தது என்று எழுதாதே. எட்டுப் பாட்டையும் வரிசையாக எழுது. எது வேகமாகப் போனது, யார் முதலில் பிசகினார்கள், டீச்சர் எங்கே தன் இஷ்டத்துக்கு மாற்றினாள், எந்தப் பாட்டில் ஜனங்கள் எழுந்து வெளியே போனார்கள், கால் வலித்து நிறுத்தினால் எந்த இடத்தில் நிறுத்தினாய், எல்லாம். நீளமாக எழுது. அவசரத்தில் கிறுக்காமல், புரிகிற கையெழுத்தில் எழுது.

உன் மச்சான்,
துரு